பன்றி விலாவின் உள்தோல்

அந்தக் காலத்தில் பன்றியும் பேசும், புகையும் பேசும். பேசி என்ன, இரண்டுக்கும் ஒத்துப்போகாது.

மலையடிவாரத்தில் சடைச்சி என்று ஒருத்தி இருந்தாள். பன்றி விலாவில் உப்பும் மிளகும் தேய்த்து, கொய்யா விறகுப் புகையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை தொங்கவிடுவாள். தின்றவர்கள் எல்லாரும் விரலை நக்கிக்கொண்டே புகையின் வாசனையைத்தான் புகழ்ந்தார்கள். பன்றியைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை.

பட்டியில் கிடந்த கொழுத்த பன்றிக்கு வயிறு எரிந்தது. வெட்டப் போகிறார்கள் என்பது அதற்குத் தெரியும், அதில் கவலை இல்லை. செத்த பிறகு கிடைக்கிற பேரும் புகைக்கே போகிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. புகை வேறு சும்மா இருக்காமல் பட்டிக்கு மேலே வந்து நின்றது.

"அடுத்தது நீதானே? பயப்படாதே, உன்னையும் ருசியாக்கி விடுறேன்."

பன்றி அன்றே சிலந்தியைக் கூப்பிட்டது.

"அண்ணே, என் விலாவுக்கு உள்பக்கம் ஒரு வலை பின்னு. அந்தப் புகை நுழையவே கூடாது."

உள்ளே போனால் எப்படி வெளியே வருவது என்று சிலந்தி கேட்டது. தும்மிவிடுகிறேன் என்றது பன்றி. ஏழு நாளில் வலை முடிந்தது. மற்ற பன்றிகள் சும்மா இருக்குமா? அதுக்கு மட்டும் என்ன என்று சண்டை போட்டு, எல்லாமே சிலந்தியை வைத்துப் பின்னிக்கொண்டன.

கொழுத்த பன்றியை வெட்டினார்கள். ஒரு பக்கத்து விலாவைத் தொங்கவிட்டாள் சடைச்சி. புகை முட்டி முட்டிப் பார்த்தது, நுழைய முடியவில்லை. உப்பும் இறங்கவில்லை. சாயங்காலம் அவள் புருஷன் ஒரு துண்டைக் கடித்து இழுத்தான். செருப்பு வார் மாதிரி வந்தது.

"பன்றி சரியில்லை" என்று துப்பினான்.

பன்றியின் பேர் முதல்முறையாக வாயில் வந்தது அப்போதுதான்.

சடைச்சி அதை நம்பவில்லை. மறுநாள் மிச்சமிருந்த விலாவைத் திருப்பிப் பார்த்தாள். உள்பக்கம் வெள்ளையாக ஒரு மெல்லிய தோல். ஓரத்தில் நகத்தால் கிளப்பினாள், வழுக்கியது. முரட்டுத் துணியால் பிடித்து ஒரே இழுப்பு, முழுசாக வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் உப்புத் தேய்த்துத் தொங்கவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் ஊரே புகையைப் புகழ்ந்தது.

அன்று தொடங்கியதுதான்: எந்தப் பன்றியை வெட்டினாலும் விலாவுக்குள் அந்தத் தோல் இருக்கிறது, புகை போடுகிறவர்கள் முதல் வேலையாக அதை உரித்து நாய்க்குப் போடுகிறார்கள்.