கரடி கேட்ட கேள்வி

மொட்டைப் பாறையின் அடிவாரத்தில் ஒரு குளம் இருந்தது. அந்தக் குளத்தில் தண்ணீர் குடிக்க முறை உண்டு. முதலில் காட்டுமாடுகள். அடுத்து பன்றிகள். அப்புறம் மான்கள், முள்ளம்பன்றிகள். கடைசியில் முயல்கள்.

இத்தனை பேர் இறங்கி ஏறிய பிறகு குளத்தில் என்ன மிஞ்சும்? சேறுதான் மிஞ்சும். தவிட்டி என்ற முயல் தினமும் அதைத்தான் குடித்தாள். அவளுக்கு மூன்று குட்டிகள். மூன்றும் குளத்துக் கரைக்குக் கீழே, கோரைப் புல்லுக்குள் வளர்ந்து வந்தன.

குளத்துக்குத் தலைவர் ஒரு கிழட்டு உடும்பு. நேர்மையானவர். முறை தவறி ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காதவர். ஆனால் யாராவது குறை சொல்ல வந்தால் மட்டும் அவருக்குக் காது கேட்காது.

"தலைவரே! சேத்தைக் குடிச்சுக் குட்டிங்களுக்கு வயித்துவலி. ஒரு நாளாவது எங்களை முன்னால விடக் கூடாதா?" என்று கேட்டாள் தவிட்டி.

"அது வழக்கம் இல்லையேம்மா!" என்றார் உடும்பு.

மறுநாளும் போய்க் கேட்டாள். மறுநாளும் அதே பதில்தான்.

அந்தக் குளக்கரையில் ஓர் ஆள்காட்டிக் குருவியும் இருந்தாள். நீண்ட மஞ்சள் கால்களோடு தரையில் நடந்து திரிவாள். யார் வந்தாலும் கத்துவாள். சிறுத்தை வந்தால் கத்துவாள். மான் வந்தால் கத்துவாள். தலைவர் உடும்பு வந்தாலும் விடமாட்டாள்.

"ஆள் வருது! ஆள் வருது!"

மத்தியானத் தூக்கம் ஒருவருக்கும் கிடையாது. அவளைத் திட்டாத விலங்கு அந்தக் காட்டில் இல்லை. நானாக இருந்தாலும் திட்டியிருப்பேன்.

ஒரு கோடை தொடங்க இருந்த சமயத்தில் மலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கரடி வந்தது. வந்ததும் குளத்தில் இறங்கவில்லை. நேரே தவிட்டியிடம் போய்த் தரையில் உட்கார்ந்து, தன் பெரிய முகத்தை அவள் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தது.

"தங்கச்சி! நீ என்ன குடிக்கிறே?"

தவிட்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறந்ததிலிருந்து அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"சேறுதான் அண்ணே," என்றாள் மெல்ல.

"சேறா!" கரடி எழுந்து நின்று உறுமியது. "கேட்டீங்களா எல்லாரும்? என் தங்கச்சி சேத்தைக் குடிக்கிறா! இந்தக் குளத்துல பிறந்தவ சேத்தைக் குடிக்கிறா!"

தவிட்டி அழுதுவிட்டாள். தனக்காக ஒருவர் கோபப்படுவது அத்தனை இதமாக இருந்தது.

"நான் தலைவரானா எல்லாருக்கும் முதல் முறை!" என்றது கரடி.

"எல்லாரும் முதல்னா, கடைசி யாரு?" என்று கேட்டாள் ஆள்காட்டி.

"கடைசின்னு ஒருத்தரும் கிடையாது!" என்றது கரடி.

அது எப்படி முடியும் என்று யாரும் யோசிக்கவில்லை. காடே ஆரவாரம் செய்தது.

"சரிண்ணே, தண்ணி ஏன் குறையுது?" என்று கேட்டான் சிலுப்பி. அவன் ஒரு முள்ளம்பன்றி.

கரடி குரலைத் தாழ்த்தியது. "கரையான்! கரைக்குள்ள புகுந்து குளத்தையே குடையுறாங்க. பேரைப் பாருங்க! கரை… யான்! கரையைத் தின்னுறவன்னு பேர்லயே இருக்கே!"

கரையின் ஓரத்தில் ஒரே ஒரு புற்று இருந்தது என்னவோ உண்மைதான். அது தவிட்டியின் பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலிருந்தே அங்கே இருக்கிறது. கரைக்கு ஓர் ஆபத்தும் வந்ததில்லை. கரடிக்குக் கரையான் என்றால் உயிர் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பேரைப் பிரித்துக் காட்டியதும் அப்படியே நம்பிவிட்டார்கள்.

அந்தக் குளத்தில் கோடையின் முதல் நாள்தான் தேர்தல். ஒவ்வொரு விலங்கும் ஒரு கூழாங்கல்லை எடுத்துப் போய், பிடித்தவர் முன்னால் வைக்க வேண்டும். தவிட்டி தன் கல்லை வாயில் கவ்விக்கொண்டு முதல் ஆளாக ஓடினாள். கரடி ஜெயித்தது.

அடுத்த நாளே வேலை ஆரம்பமாகிவிட்டது. கரடி கரையில் ஒரு குழி தோண்டியது. மூக்கை உள்ளே விட்டு உறிஞ்சியது. வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போனது.

தண்ணீர் குடிக்கும் முறை? எல்லோருக்கும் முதல் முறை என்பதால் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கினார்கள். காட்டுமாட்டோடு முட்டி மோத முயலால் முடியுமா? தவிட்டி காத்திருந்தாள். கடைசியில் அதே சேறு. முன்பைவிடக் கெட்டியாக இருந்தது.

"என்ன தவிட்டி, இப்போ எப்படி இருக்கு?" என்று சிலுப்பி கேட்டான்.

"சேறு அதே சேறுதான். ஆனாலும் அண்ணன் ஒருத்தர்தானே என்னைக் கேட்டாரு!"

இதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். தாகத்தோடு வருஷக்கணக்கில் வரிசையின் கடைசியில் நின்றவளுக்குத்தான் அந்த ஒரு கேள்வியின் அருமை தெரியும்.

ஆள்காட்டி மட்டும் கரைமேல் நடந்து நடந்து கத்தினாள்.

"குழி! ஏழாவது குழி! கரை பலவீனமாகுது! எட்டாவது குழி!"

கரடிக்குச் சாப்பாட்டு நேரத்தில் சத்தம் பிடிக்காது. எல்லோரையும் கூட்டியது.

"இவ பேரைப் பாருங்க! ஆள்… காட்டி! நம்மளைக் காட்டிக் கொடுக்கிறவ! கரையானுக்கு வேவு பார்க்கிறது இவதான்! நிம்மதியாத் தூங்கணுமா, வேண்டாமா?"

"தூங்கணும்!" என்றது கூட்டம்.

யார் முதலில் விரட்டுவது என்று எல்லோரும் தயங்கினார்கள். தவிட்டிதான் முன்னால் வந்தாள். பின்னங்காலால் தரையை ஓங்கித் தட்டினாள்.

"போ! இங்கிருந்து போ!"

உடனே எல்லோரும் தட்டினார்கள். ஆள்காட்டி குளத்துக்கு மேலே இருந்த மொட்டைப் பாறைக்குப் பறந்து போனாள். மழைக்காலம் நெருங்கியபோது அங்கே வெறும் பாறையில் நாலு முட்டை இட்டு அடைகாத்தாள்.

இந்தப் பக்கம் எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள்.

"அடுத்த கோடைக்கு இந்தக் கல்லு வைக்கிற வேலையெல்லாம் எதுக்கு? நான்தான் இருக்கேனே!" என்றது கரடி. அதற்கும் எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஐப்பசியில் ஒரு நாள் பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை. மலையிலிருந்து செந்நீர் இறங்கிக் குளம் நிறைந்தது. கரையில் இருபத்திரண்டு குழிகள். ஒரு குழி வழியாகத் தண்ணீர் கசிந்தது. பிறகு பீய்ச்சியது.

கரைக்குக் கீழே புல்லுக்குள் மூன்று குட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருந்தன. பக்கத்தில் தவிட்டி கண்ணயர்ந்திருந்தாள்.

"தவிட்டி! தண்ணி வருது! கரை போகுது! எழுந்திரு!"

தலைக்கு மேலே ஆள்காட்டி! மழையில் இறகெல்லாம் உடம்போடு ஒட்டிக் கிடந்தது.

'பொய் சொல்றா. வேவு பார்க்கிறவதானே?' என்றுதான் தவிட்டி முதலில் நினைத்தாள். உள்ளதைச் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தாள். பிறகு தன் வயிற்றுக்கடியில் ஈரத்தை உணர்ந்தாள். குட்டிகளை முட்டி எழுப்பி மேட்டுக்கு ஓட்டினாள். நாலாவது பாய்ச்சலில் திரும்பிப் பார்த்தபோது, படுத்திருந்த இடத்தில் புல் இல்லை. தண்ணீர்தான் ஓடியது.

ஆள்காட்டி ஒவ்வொரு புதராகப் போய்க் கத்தினாள். தன்னை விரட்டியவர்களில் ஒருவரையும் விடவில்லை. எல்லோரும் கரைக்கு ஓடி வந்தார்கள்.

"அண்ணே! என்ன செய்யட்டும்?" என்று கரடியைத் தேடினார்கள்.

கரடி மேலே குகை வாசலில் நனையாமல் நின்றது. "நான் அப்பவே சொன்னேனே! எல்லாம் கரையான் செஞ்ச வேலை!" என்று அங்கிருந்தே கத்தியது.

பெரிய குழியில் தண்ணீர் கொப்பளித்தது. அப்போது கிழட்டு உடும்பு வந்து அந்தக் குழிக்குள் தன் உடம்பைச் செருகினார். நகங்களை மண்ணில் ஊன்றினார். உடும்புப் பிடி என்றால் என்ன என்று அன்றைக்குக் காடு பார்த்தது. பன்றிகள் மண்ணை முட்டித் தள்ளின. காட்டுமாடுகள் மிதித்து இறுக்கின. சிலுப்பி மற்ற குழிகளைக் கல்லால் அடைத்தான். பொழுது சாய்வதற்குள் மழை விட்டது. பாதிக் கரை போயிருந்தது. மீதிப் பாதி நின்றது. குளமும் பிழைத்தது.

மறுநாள் கரடி மலையேறிப் போயிருந்தது.

"பேரைப் பாருங்க! கரடி! கரடி விடுறதுன்னு சும்மாவா சொல்றாங்க?" என்று ஆரம்பித்தான் சிலுப்பி.

"வேண்டாம் சிலுப்பி. பேரைப் பார்த்து முடிவு பண்ணித்தான் இவ்வளவும் ஆச்சு," என்றாள் தவிட்டி.

பிறகு மூன்று குட்டிகளையும் கூட்டிக்கொண்டு மொட்டைப் பாறைக்கு ஏறினாள். ஆள்காட்டி முட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தாள். மழையில் அவள் அடையை விட்டு வந்த நேரத்தில் முட்டைகள் சில்லிட்டுப் போயிருந்தன. பின்னால் மூன்றுதான் பொரித்தன.

"அக்கா! உன்னை விரட்ட முதல்ல காலைத் தட்டினது நான்தான்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா என்னை முதல்ல எழுப்பினே?"

"நீதானே கரைக்கு ரொம்பப் பக்கத்துல இருந்தே! விரட்டினவ, விரட்டாதவன்னு பார்த்துப் பார்த்தா கத்துவாங்க?"

தவிட்டி குட்டிகளை ஒவ்வொன்றாக முன்னால் தள்ளினாள். "சொல்லுங்க, அத்தைக்கு நன்றி சொல்லுங்க!" மூன்றும் சொல்லின. அவளும் சொன்னாள். ஆள்காட்டி வேறு பக்கம் திரும்பி இறகைக் கோதிக்கொண்டாள். இந்த இடத்தில் எனக்கும் நெஞ்சு நிறைகிறது. தூக்கத்தைக் கெடுத்து உயிரைக் காப்பாற்றும் ஒருத்தி நம் ஊரிலும் இருப்பாள். அவளுக்கு என் நன்றியையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

உடும்பு மறுபடி தலைவரானார். ஆள்காட்டியும் குஞ்சுகளோடு கரைக்குத் திரும்பினாள். முயல்களை முன்வரிசைக்குக் கொண்டுவந்தார்கள். தவிட்டியின் குட்டிகள் தெளிந்த தண்ணீர் குடித்துக் கொழுகொழுவென்று வளர்ந்தன. எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அடுத்த கோடையின் முதல் நாள். கல் வைக்கும் நேரம்.

"ஆள் வருது! ஆள் வருது!" என்று கத்தினாள் ஆள்காட்டி.

கரடி வந்துகொண்டிருந்தது! இன்னும் பருத்திருந்தது. "நான் இருந்தப்போ எல்லாரும் எவ்வளவு நல்லாத் தூங்கினீங்க! மறுபடி வேண்டாமா அந்தத் தூக்கம்?" என்றது.

பாதிக் கூட்டம் தலையாட்டியது. ஆமாம், பாதி! எனக்கும் கோபம் வந்தது. ஆனால் தவிட்டியைப் பாருங்கள். "தங்கச்சி!" என்று கரடி கூப்பிட்டதும் அவள் காதுகளும் தானாக நிமிர்ந்தன. அந்தக் குரலில் இன்னும் அந்த இதம் இருந்தது.

கரடி அவளைத் தாண்டிப் போனது. வரிசையின் கடைசியில் நின்றிருந்த சிலுப்பி முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தது. முகத்தை அவன் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தது.

"தம்பி! நீ என்ன குடிக்கிறே?"

சிலுப்பியின் கண்கள் கலங்கின. அவன் வாயைத் திறந்தான்.

அப்போதுதான் தவிட்டிக்கு உறைத்தது. முயல்கள் முன்னால் வந்ததும் முள்ளம்பன்றிகள் கடைசிக்குப் போயிருந்தன. ஆறு மாசமாக அவன் சேற்றைக் குடித்திருக்கிறான். அவள் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை!

"சிலுப்பி, பொறு!" தவிட்டி பாய்ந்து நடுவில் நின்றாள். "நீ என்ன குடிக்கிறேன்னு எனக்குத் தெரியும். அது நான் குடிச்ச சேறு. நான்தான் உன்னைக் கேட்டிருக்கணும். கேட்கலை, தப்புதான். இன்னைக்கு நீ முதல்ல குடி. நான் கடைசியில நிக்கிறேன். நாளைக்கு மான்கள் கடைசி. அப்புறம் பன்றிங்க. சேறு ஒருத்தருக்கே வேண்டாம். எல்லாரும் மாத்தி மாத்திக் குடிப்போம்."

எல்லோரும் உடும்பைப் பார்த்தார்கள்.

"அது வழக்கம் இல்…" என்று ஆரம்பித்த உடும்பு பாதியில் நிறுத்தினார். சிலுப்பியின் வாயோரத்தில் காய்ந்திருந்த சேற்றை அவர் இப்போதுதான் பார்த்தார். "இன்னையிலேருந்து இதுதான் வழக்கம்!" என்றார்.

சிலுப்பி இறங்கினான். தெளிந்த தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்தான். வயிறு முட்டக் குடித்தான். கரையேறி, கரடியைச் சுற்றிக்கொண்டு போய், தன் கூழாங்கல்லை உடும்பின் முன்னால் வைத்தான். அதன் பக்கத்தில் தவிட்டி தன் கல்லை வைத்தாள்.

எண்ணிப் பார்த்தார்கள். இரண்டே இரண்டு கல் வித்தியாசத்தில் கரடி தோற்றது. மலையேறும்போது அது திரும்பித் திரும்பிப் பார்த்தது. வரிசையின் கடைசியில் இன்று யார் நிற்கிறார்கள் என்று பார்த்தது. அங்கே தவிட்டி நின்றாள். அவளிடம் பேசியபடியே சிலுப்பியும் நின்றான்.

அன்று மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்த நேரத்தில் தலைவர் உடும்பு கரையோரம் வந்தார்.

"ஆள் வருது! ஆள் வருது!"

தவிட்டி திடுக்கிட்டு எழுந்தாள். உடும்பு என்று பார்த்ததும் சிரித்தாள்.

"நன்றி அக்கா!" என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்தாள்.

கடைசியில் நிற்பவனின் குறையை நாம் கேட்காமல் விட்டால், அதைக் கேட்பதற்கென்றே ஒரு கரடி வந்துகொண்டே இருக்கும்.