அண்ணத்தின் வரிகள்

பாளையங்கோட்டையில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கின் பின்னறையில் ஜெசிந்தா பல்செட் செய்துவந்தாள். அவளிடம் தொழில் கற்க வந்த கோமதிநாயகம் அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். இருபது வருடம் கிரானைட் கல்லுக்குப் பாலிஷ் போட்டவர். கல்லில் தன் முகம் தெரியும்வரை விடமாட்டார்.

பஸ் நிலையத்தில் ஊர்ப்பெயர் சொல்லி ஆள் கூப்பிடும் நல்லபெருமாளுக்கு மேல்பல் ஒன்றுகூட மிச்சமில்லை. "திசையன்விளை" என்றால் வெறும் காற்றுதான் வந்தது. திங்கட்கிழமைக்குள் பேச்சு திருந்தாவிட்டால் அவர் வேலை போய்விடும்.

கோமதிநாயகமே பல்செட்டைச் செய்தார். அக்ரிலிக் பொடியில் திரவத்தை ஊற்றி, புரோட்டா மாவுப் பதம் வந்ததும், டாக்டர் எடுத்த அளவில் செய்த அச்சில் அழுத்தி, வெந்நீரில் நிதானமாக வேகவைத்தார். ரோஜா நிறத்தில் ஈறு வந்தது. வெளிப்பக்கத்துக்குப் பாலிஷ் போட்டார். அண்ணத்தில் படும் உள்பக்கம், நல்லபெருமாளின் மேல்வாயைப் போலவே வரிவரியாகக் கிடந்தது. பழக்கதோஷம் விடுமா? அதையும் தேய்த்துக் கண்ணாடியாக்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாட்டிப் பார்த்தார்கள். "திசை" என்று வாயைத் திறந்ததுமே பல்செட் மடியில் விழுந்தது. நல்லபெருமாள் அழுதே விட்டார்.

கோமதிநாயகம் பல்செட்டைக் கையில் எடுத்தார். "டீச்சர், ஒரு சொட்டுப் பசை வச்சா நிக்காதா?"

"அண்ணாச்சி, நாக்கை மேல வச்சுத் தடவிப் பாருங்க," என்றாள் ஜெசிந்தா.

தடவினார். முன்பல்லுக்குப் பின்னால் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டது.

"வரிவரியா என்னமோ இருக்கே!"

"எத்தனை வருசமா இருக்கு?"

"தெரியலையே டீச்சர். இன்னைக்குத்தான் பாக்கேன்."

"ஒருத்தருக்கு இருக்க மாதிரி இன்னொருத்தருக்குக் கிடையாது. அவரோடதை நீங்க தேய்ச்சுட்டீங்க."

ஐம்பத்திரண்டு வருடம் சோறும் பேச்சும் புரண்ட இடம். கோமதிநாயகம் வெகுநேரம் வாயை மூடிக்கொண்டு தடவிக்கொண்டே இருந்தார்.

டாக்டர் மறுபடி அளவெடுத்தார். கோமதிநாயகம் புதிதாக வேகவைத்தார். அச்சு தானாக ஆறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பாலிஷ் போடும்போது உள்பக்கம் அவரைக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தது. கையைக் கட்டிக்கொண்டார்.

ஞாயிறு சாயங்காலம் நல்லபெருமாள் அதை மாட்டிக்கொண்டு, எச்சிலை ஒருமுறை விழுங்கினார். பிறகு வாயைத் திறந்தார்.

"திசையன்விளை! சாத்தான்குளம்! உடன்குடி!"

ஓர் எழுத்து சிந்தவில்லை. பல்செட் அசையவும் இல்லை. தெருவில் போன ஒருவர் பஸ் வந்துவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தார்.

கோமதிநாயகம் ஜெசிந்தா பக்கம் திரும்பினார். "பசை இல்ல, ஆணி இல்ல. எது டீச்சர் இதைப் பிடிச்சு நிறுத்துது?"

"ஒரு சொட்டு எச்சில், அண்ணாச்சி. நீங்க தேய்க்காம கையை எடுத்த இடத்துல அது பிடிச்சுக்கிட்டுது."