ஃபெயில் ஆகாத பேப்பர்

கல்லூரியில் சீடன் குருவைத் தேடிப் போவது பெரும்பாலும் ஒரு கையெழுத்துக்காகத்தான். நாச்சிமுத்து ஒரு கேள்வியோடு போனார். இன்னொரு விசேஷமும் உண்டு. இந்தக் கதையில் நரைத்த தலை சீடருடையது.

பகலில் அவர் கோவையில் ஒரு பம்பு கம்பெனி சூப்பர்வைசர். மாலையில் பகுதிநேர பி.இ. மாணவர். மோட்டார், மின்சாரம், கணக்கு எல்லாவற்றிலும் தேறிவிட்டார். இன்ஜினியரிங் படிக்கிறவர்களும் ஒரு கலைப் பாடம் படித்தே ஆக வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் ஒரு விதி. மனிதர் அதில்தான் மாட்டிக்கொண்டார். இந்த முறையும் கோட்டை விட்டால் பட்டம் கிடையாது. கம்பெனியில் அவருக்காகக் காத்திருக்கும் மேனேஜர் வேலையும் கிடையாது.

போன முறை சமூகவியல் எடுத்திருந்தார். ‘கிராமத்து மக்கள் ஏன் நகரத்துக்கு வருகிறார்கள்?’ என்று கேள்வி. ‘கொடுக்கப்பட்டவை: மழை குறைவு, வேலை குறைவு’ என்று எழுதினார். கீழே ஒரு சூத்திரம் போட்டார். ‘ஆகவே வருகிறார்கள்’ என்று முடித்து, ஸ்கேல் வைத்து விடையைச் சுற்றிக் கட்டமும் போட்டார். திருத்தியவருக்குச் சிரிப்பு வந்திருக்கும், நாச்சிமுத்துவுக்கு மார்க் வரவில்லை.

பேராசிரியை பிரிசில்லாவுக்கு அவரைவிட வயது ரொம்பக் குறைவு. கலைப் பாடங்களுக்கு அவர்தான் பொறுப்பு.

“மேடம், வரலாறு, உளவியல், தத்துவம்னு மூணு இருக்குதுங்க. இதுல ஃபெயில் ஆகாத பேப்பர் எதுன்னு சொல்லிப்போட்டீங்கன்னா புண்ணியமாப் போகும்.”

“உங்களுக்கு எது வேண்டாம்?”

“மூணுமே வேண்டாமுங்க.”

“வரலாறு ஏன் வேண்டாம்?”

“அதுல எது நெசம்னே தெரியாதுங்க. எங்க கம்பெனில ஒரு ஸ்ட்ரைக் நடந்துச்சு. மொதலாளி ஒரு கதை சொல்றாரு. யூனியன்காரரு வேற கதை சொல்றாரு. கேட்டுல நின்ன வாட்ச்மேன் சொல்றது ரெண்டுலயும் சேரலை. நானும் அங்கதான் இருந்தேன், நான் சொல்றதும் சேரலீங்க. கண்ணு முன்னால நடந்ததுக்கே இந்தக் கதி. ராஜா காலத்துக்கு எங்கீங்க போறது?”

பிரிசில்லா சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

“சரி, உளவியல்?”

“மனுசன் மனசையெல்லாம் பரீட்சைல எழுத முடியுமுங்களா? எங்க செக்‌ஷன்ல ரங்கசாமின்னு ஒருத்தரு. ஞாயித்துக்கெழம வேலைக்குக் கூப்பிட்டா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு. போகட்டும்னு கூப்பிடாம விட்டா, அதுக்கும் பேசமாட்டாரு. அவருக்கு லீவு வேணுமா, யாராவது கூப்பிடணுமான்னு அவருக்கே தெரியாதுங்க.”

“தத்துவம்?”

“அது சுத்தமா உபயோகமில்லீங்க.” இதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“உபயோகம்னா என்ன?”

“இதென்னங்க கேள்வி? நாங்க செய்யற பம்பு தண்ணி எடுக்குது. அது உபயோகம்.”

“கெணத்துல தண்ணி இல்லைன்னா?”

“எடுக்காதுங்க. அதுக்காகப் பம்பைக் குத்தம் சொல்லலாமுங்களா?” என்றவர் சட்டென்று பேச்சை நிறுத்தினார்.

பிறகு தானே தொடர்ந்தார். நல்ல பம்பு, வறண்ட கிணறு. அப்படியானால் உபயோகம் என்பது பம்பில் இருக்கிறதா, தண்ணீரில் இருக்கிறதா? தண்ணீர் நிறைய இருந்து, தோட்டத்துச் சொந்தக்காரர் நிலத்தை விற்றுவிட்டு ஊரை விட்டே போய்விட்டால்? அப்போது பம்பும் தண்ணீரும் யாருக்கு உபயோகம்? ஒவ்வொன்றாகச் சொன்னார், ஒவ்வொன்றையும் தானே மறுத்தார். மேசையைத் தட்டினார். அவர் பிடிக்க வேண்டிய டவுன் பஸ் கல்லூரி வாசலில் வந்து நின்று, போயும் விட்டது. படிக்கச் சேர்ந்த நாளிலிருந்து அவர் இத்தனை சந்தோஷமாகப் பேசியதே இல்லை.

கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார். “மேடம், இதுக்கு வெடைதான் என்னங்க?”

“எனக்கும் தெரியாது.”

“டாக்டர் பட்டமெல்லாம் வாங்கியிருக்கீங்க, உங்களுக்கே தெரியாதுங்களா?”

“புதன்கிழமை வகுப்புக்கு வாங்க. பேசிப் பாக்கலாம்.”

தான் எந்தப் பாடத்தில் சேர்ந்துவிட்டோம் என்பது அப்போதுதான் நாச்சிமுத்துவுக்கு உறைத்தது. கூடவே பழைய பயமும் வந்துவிட்டது. எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

“அதெல்லாம் சரிங்க. பரீட்சைல இதையே கேட்டா என்ன பண்றது? வெடை தெரியாம நான் எப்படிங்க பாஸ் ஆறது?”

“இவ்வளவு நேரம் விடை தெரிஞ்சா பேசினீங்க?” என்றார் பிரிசில்லா. “அப்படியே எழுதுங்க.”