சோத்துமுனி சாப்பிட்டு முடிக்கட்டும்!

நெல்லிக்கோட்டைக்கு வழி கேட்டுப் பாருங்கள், ஒருவரும் கிழக்கு மேற்கு சொல்ல மாட்டார்கள். "சோத்துமுனியைத் தாண்டி நேராப் போங்க" என்பார்கள். கோயில் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள். அங்காயி சோற்றுக்கடை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் மண் பொம்மை அது. எதிரே மண் இலை, மேலே மண் சோறு. வலது கை எப்போதும் இலையிலேயே இருக்கும்.

அங்காயி கேட்டது என்னவோ பசியாறும் வழிப்போக்கன் பொம்மைதான். ஆனால் செய்த வேளாருக்கு ஊர் ஊராக முனியப்பன் செய்தே பழகிய கை. அது தானாகவே முறுக்கு மீசையை வைத்து, கண்ணையும் உருட்டிவிட்டது. தொப்பை மட்டும் சோற்றுக்கடைக்காகச் சேர்த்தது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் அப்படியே சாப்பிட உட்கார்ந்தது. எதிர்க்கடைக்காரன் ஈ ஓட்டினான்.

வினையே அங்கேதான். எதிர்க்கடைக்காரன் தளபதி வீரகேசரியின் மச்சான்.

"அரசே, தங்களைப் பொம்மை செய்து தெருவில் உட்கார வைத்திருக்கிறாள் ஒருத்தி!" என்று தளபதி சபையில் கொளுத்திப் போட்டார். அரசர் மருதவேலர் தம் மீசையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தொப்பையையும் பார்த்தார். சந்தேகம் வலுத்தது.

சபையில் விகடம் பேசிப் பிழைக்கும் அம்பலவாணன் பதறிப்போனான். அரண்மனைச் சமையலில் நாக்கு செத்துப்போனவன் அவன். அங்காயியின் வத்தக்குழம்புதான் அவனை இந்த ஊரில் பிடித்து வைத்திருந்தது. அரசர் புறப்பட்டதும் அவனும் பின்னாலேயே ஓடினான்.

அரசர் பொம்மையைக் கண்டதும் முகம் சிவந்தார். "உடையுங்கள் இதை! கடையையும் இழுத்து மூடுங்கள்!"

"மகாராசா, இந்த அடுப்பை விட்டா எனக்கு வேற நாதியில்லைங்க" என்று அங்காயி அழுதாள்.

அம்பலவாணன் மூக்கை உறிஞ்சினான். "தாராளமாக உடைக்கலாம் அரசே. அதற்குள் அந்தக் குழம்பு ஆறிப்போகுமே, அதுதான் கவலை."

குழம்பு வாசம் அரசரையும் எட்டியது. "சரி, சாப்பிட்டுவிட்டே உடைப்போம்" என்றார்.

"அக்கா, அரசருக்குத் தனி மணை போடுங்க. தளபதிக்குப் பொம்மையை ஒட்டி இலை" என்று கிசுகிசுத்தான் அம்பலவாணன்.

அரசர் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டு, ஏப்பம் விட்டுக் கை கழுவினார். தளபதியும் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"உட்காருங்கள் தளபதியாரே!" என்று கத்தினான் அம்பலவாணன். "பக்கத்து இலைக்காரர் இன்னும் சாப்பிடுகிறார். பந்தியில் பாதியில் எழுவதா? என்ன பழக்கம் இது!"

"இதுவா? இது மண் பொம்மையப்பா!"

"இவரை அரசர் என்றீர்களே? அரசர் கை இலையில் இருக்கும்போது தளபதி எழலாமா?"

தளபதி சட்டென்று உட்கார்ந்துவிட்டார்.

"நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். இவர் அரசர் என்றால், நீங்கள் எழுந்தது குற்றம். அரசரை உடைக்கக் கடப்பாரை எடுத்தது அதைவிடப் பெரிய குற்றம். பொம்மை என்றால் அரசருக்கு இதில் என்ன அவமானம்?"

தளபதி கடப்பாரையைக் கீழே போட்டார். "பொ... பொம்மைதான். வெறும் பொம்மை!"

"பிறகு எதற்கய்யா என்னை இந்த வெயிலில் இழுத்து வந்தீர்?" என்ற அரசருக்குக் கோபம் பாதியிலேயே சிரிப்பாக மாறிவிட்டது. தொப்பை குலுங்கச் சிரித்தார். "அங்காயி, கடையை நீ நடத்து, பொம்மையும் இருக்கட்டும். அம்பலவாணனுக்கு இன்றிலிருந்து அரண்மனைச் சாப்பாடு கிடையாது. இரண்டு வேளையும் இங்கேதான், என் செலவில்!"

அதைவிடப் பெரிய பரிசு உண்டா? அம்பலவாணன் அங்கேயே இன்னொரு இலை போடச் சொன்னான்.

அரசர் குதிரை ஏறித் திரும்பிப் பார்த்தார். தளபதி இன்னும் இலை முன்னாலேயே இருந்தார். "எழுந்து வாரும், போகலாம்!"

தளபதி பொம்மையை ஓரக்கண்ணால் பார்த்து, மெல்லச் சொன்னார்: "எதற்கும்... அவர் முதலில் எழுந்திருக்கட்டும் அரசே."