பழைய புதுக் கட்டிடம்

இந்தக் கதையைப் பல வருடங்களாக நம்ப முடிந்ததில்லை. சொன்னவர் அருணகிரியேதான். ஆனாலும் எல்லாம் கொஞ்சம் வசதியாக நடந்துவிட்ட மாதிரி இருக்கிறது.

அருணகிரி இருபத்தாறு வருடம் பாலம் கட்டிய இன்ஜினியர். ஐம்பதைத் தாண்டிய பிறகு ஆஸ்பத்திரி வடிவமைக்க ஆசை வந்து, ஆஸ்பத்திரிக் கட்டிடங்களை வடிவமைக்கும் எஸ்தர் ராணியிடம் சீடராகச் சேர்ந்தார். குரு பத்து வயது இளையவர். சீடரை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு மாவட்ட ஆஸ்பத்திரி வளாகத்தில் ஐந்து மாடிக் கட்டிடம் வரவிருந்தது. அருணகிரியின் முதல் வரைபடம். அன்று மதியம் அந்த வளாகத்திலேயே கமிட்டி கூடுகிறது. குருவின் கையெழுத்து இல்லாமல் வரைபடம் அங்கே போகாது.

"வாசலை மெயின் ரோட்டைப் பார்த்து வச்சிருக்கேன் மேடம். பழைய கட்டிடமெல்லாம் முதுகுப் பக்கம் போயிரும். சரியா?"

எஸ்தர் ராணி பேனாவை மூடினார்.

"கேட்டுல போய், புதுக் கட்டிடத்துக்கு வழி கேளுங்கண்ணே."

"அதை இன்னும் கட்டவே இல்லையே."

"கேட்டுப் பாருங்க."

வாட்ச்மேன் யோசிக்கவே இல்லை. "நேராப் போய் வேப்பமரத்துல திரும்புங்க." அங்கே இருந்தது பிரசவ வார்டு. கல்வெட்டில் 1958.

டீக்கடைக்காரர் எக்ஸ்ரே கட்டிடத்தைக் காட்டினார். எதிரே வந்த நர்ஸ், "எது சார், பழைய புதுக் கட்டிடமா, புதுப் புதுக் கட்டிடமா?" என்றாள். அவள் சொன்ன புதுப் புதுக் கட்டிடம் மூன்றாவது.

அருணகிரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அப்போதுதான் ஒருவர் தெர்மாகோல் பெட்டியோடு ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, புதுக் கட்டிடம் எது? ரெண்டு தடவை சுத்திட்டேன். பெட்டியில ரத்தம்."

"யாருக்கு?"

"சம்சாரத்துக்கு. பிரசவம்."

"வாங்க, எனக்குத் தெரியும்."

இருவரும் ஓடினார்கள். அருணகிரியின் செருப்பு ஒன்று வழியில் கழன்றது. திரும்பிப் பார்க்கவில்லை. வார்டுக் கதவிலிருந்து நீண்ட கை ஒன்று பெட்டியை வாங்கிக்கொண்டது.

ஒற்றைச் செருப்போடு திரும்பியவர் உட்காரக்கூட இல்லை. ரப்பரால் ரோட்டுப் பக்கத்து வாசலை அழித்தார்.

"வாசல் வேப்பமரத்தைப் பார்த்து மேடம். அங்கேருந்து மூணு கட்டிடத்துக்கும் கூரை போட்ட நடைபாதை. பிளட் பேங்க்ல இருந்து பிரசவ வார்டுக்கு நேர்கோடு. ஒரு மணி நேரம் இருக்கு, வரைஞ்சிருவேன்."

பென்சில் முனை ஒடிந்தது. வேறொன்றை எடுத்தார்.

"தலைப்பு என்ன எழுதியிருக்கீங்க?"

குனிந்து பார்த்தார். 'புதுக் கட்டிடம்.'

"நாலாவது வேணுமாண்ணே?" என்றார் குரு.

அதையும் அழித்தார். கையெழுத்து விழுந்தது.

சரியாக அந்த நேரத்தில் ரத்தப் பெட்டியோடு ஒருவர் வருவாரா? இத்தனை வருடம் மனதில் கிடந்து உருண்ட சந்தேகம் இதுதான். போன மாதம் அருணகிரியிடமே கேட்டுவிடலாம் என்று உட்கார்ந்தபோது, என் வாயில் வந்தது வேறு.

"அந்தப் பொண்ணு பிழைச்சுதா சார்?"