பறக்கக் கூடாத மரங்கொத்தி

தேக்கங்காட்டு மரங்களில் வண்டு விழுந்தது. தண்டைக் குடைந்து குடைந்து மாவாக்கியது. அந்தக் காட்டில் மான் இருந்தது, கரடி இருந்தது, குரங்கு வேண்டிய மட்டும் இருந்தது. வண்டைக் கொத்தி எடுக்கத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. "மரங்கொத்திகள் தேவை" என்று நாலு காட்டுக்கும் சொல்லி அனுப்பினார்கள்.

பனங்காட்டிலிருந்து கொண்டையப்பன் என்ற மரங்கொத்தி தன் மனைவி செவந்தியோடு வந்து சேர்ந்தான். கரடியாரின் இருபது மரங்களில் அவனுக்கு வேலை கிடைத்தது. விடிந்தால் டொக் டொக், பொழுது சாய்ந்தால் டொக் டொக். அங்கேயே அவர்களுக்கு ஒரு பெண் குஞ்சு பிறந்தது. நறுமுகை என்று பெயர் வைத்தார்கள்.

தேக்கங்காட்டில் ஒரு சட்டம் இருந்தது. வெளியூர்ப் பறவைக்கு வேலை இருக்கும் வரைதான் கிளை. வேலை போனால் பத்து நாளில் காட்டை விட்டுப் போய்விட வேண்டும். நிரந்தரக் கிளை வேண்டுமென்றால் ஆமையாரிடம் ஓர் எண் வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

கொண்டையப்பன் எண் வாங்கினான். பிறகு பணிவாகக் கேட்டான். "ஐயா, என் முறை எப்போ வரும்?"

ஆமையார் ஓலையைப் புரட்டினார். ஓர் ஓலை புரள ஒரு மணி நேரம் ஆனது.

"பனங்காடுதானே? உனக்கு முன்னால உங்க ஊர்க்காரங்களே அறுநூத்து முப்பது பேர் இருக்காங்க. ஒரு காட்டுக்கு வருஷத்துக்கு ஏழு பேர்."

கொண்டையப்பன் நகத்தால் தரையில் கீறிப் பார்த்தான். "தொண்ணூறு வருஷம் ஆகுமே ஐயா."

"ஆமா."

"நான் மிஞ்சிப்போனா பத்து வருஷம்தான் இருப்பேன்."

"அப்படியா?" ஆமையார் உண்மையாகவே வருத்தப்பட்டார். "ஏன்பா உங்களுக்கெல்லாம் இவ்வளவு அவசரம்?"

பக்கத்தில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது. மணல்திட்டிலிருந்து வந்த கொக்கு. அதற்கு மூன்றே நாளில் நிரந்தரக் கிளை கிடைத்துவிட்டது.

"எப்படி?" என்றான் கொண்டையப்பன்.

"எனக்கே தெரியலைங்க. வரிசை எங்கேன்னு கேட்டேன். நீதான் வரிசைன்னாங்க."

கொண்டையப்பன் கிளம்பும்போது ஆமையார் கூப்பிட்டார். "இன்னொரு விஷயம். உன் குஞ்சு உன் எண்ணுலயே இருக்கும். ஆனா அது பறக்கிற அன்னைக்குப் பெரியவ ஆயிடும். அப்புறம் உன் எண் அவளுக்கு உதவாது. பத்து நாளுக்குள்ள அவ மட்டும் காட்டை விட்டுப் போகணும்."

கொண்டையப்பனுக்குக் கொண்டை மயிர் சிலிர்த்தது. கூட்டுக்கு வந்து செவந்தியிடம் எல்லாம் சொன்னான். சொல்லி முடிக்கும்போது அவன் முகம் தெளிந்திருந்தது.

"நான் ஒரு வழி யோசிச்சுட்டேன். அவ பறந்தாத்தானே?"

"என்னங்க உளர்றீங்க? பறவைக்குப் பொறந்தது பறக்காம என்ன செய்யும்?"

"நடக்கும்."

அன்று முதல் நறுமுகை நடந்தாள். மரத்தில் ஏறினாலும் நடை, இறங்கினாலும் நடை. இறக்கையை விரித்தால் அப்பா இருமுவான். காற்று பலமாக அடித்தால் இரண்டு பேரும் அவள் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். ஒருநாள் தும்மல் வந்து அவள் ஒரு சாண் உயரம் எழும்பிவிட்டாள். கொண்டையப்பன் நாலா பக்கமும் பார்த்துவிட்டு, "யாரும் பார்க்கலை, யாரும் பார்க்கலை" என்று அவளை இழுத்துக் கீழே உட்காரவைத்தான்.

கீழ்க்கிளை அணிலுக்கு இது நல்ல பொழுதுபோக்கு.

"என்ன அண்ணே, உங்க பொண்ணு என் பையனை விட நல்லா ஏறுது. வாலு மட்டும் கொஞ்சம் புசுபுசுன்னு இருந்தா எங்க வீட்டுக்கே மருமகளா எடுத்துக்குவேன்."

"எண் வரட்டும், அப்புறம் பாருங்க" என்றான் கொண்டையப்பன்.

"அப்பா, எண் எப்போ வரும்?" என்று நறுமுகை கேட்டாள்.

"வந்துடும்மா. இன்னும் எண்பத்தொன்பது வருஷம்தான்."

ஒரு கோடை போயிற்று, ஒரு மழைக்காலம் போயிற்று. ஒருநாள் கரடியார் கொண்டையப்பனைக் கூப்பிட்டனுப்பினார்.

"தம்பி, உன்னை மாதிரி வேலைக்காரனை நான் பார்த்ததே இல்லை. ஒரு மரத்துலகூட இப்போ வண்டு கிடையாது."

"சந்தோஷங்க."

"அதனால இனிமே உனக்கு வேலையும் கிடையாது. இன்னையோட முடிச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு, கரடியார் அவன் முதுகில் அன்பாக ஒரு தட்டுத் தட்டினார். கொண்டையப்பன் பக்கத்து மரத்தில் போய் ஒட்டிக்கொண்டான்.

இன்னும் பத்து நாள். பனங்காட்டுக்குத் திரும்பலாம் என்றால், அங்கே பனைகளை வெட்டிவிட்டார்கள் என்று சேதி வந்திருந்தது. கொண்டையப்பனும் செவந்தியும் மைனாக்காவிடம் ஓடினார்கள். எந்தக் காட்டில் யாரைச் சேர்க்கிறார்கள் என்று யோசனை சொல்வதுதான் மைனாக்காவின் தொழில்.

"பனிமலை இருக்கு" என்றாள் மைனாக்கா. "அங்கே மதிப்பெண் போட்டு எடுப்பாங்க. வயசுக்குப் பத்து, வேலைக்கு இருபது, குரலுக்குப் பத்து. எங்கே, ஒரு சத்தம் கொடு."

கொண்டையப்பன் கத்தினான். மைனாக்கா இறக்கையால் காதைத் தேய்த்துக்கொண்டாள்.

"பனிமலை வேண்டாம். சதுப்புநிலம்? போன அன்னைக்கே நிரந்தரம். ஆனா மரம் கிடையாது, கோரைதான்."

"கோரையைக் கொத்தினா?"

"சாயும்."

"அப்புறம்?"

"கரடியாருக்கு அக்கரையில ஒரு தோப்பு இருக்கு. அங்கே ஒரு வருஷம் இருந்துட்டு, கங்காணியா இங்கே திரும்பி வந்தா வேற வரிசை. சின்ன வரிசை."

"கங்காணி என்ன செய்யணும்?"

"மத்தவங்க கொத்துறதைப் பார்த்துட்டு இருக்கணும்."

"கொத்த இங்கே வண்டே இல்லையே அக்கா."

"ஆமா, அதுவும் இருக்கு." மைனாக்கா தலையைச் சாய்த்து யோசித்தாள். "சரி, மூங்கில்மேடு. ஆத்துக்கு அந்தப் பக்கம். மூணு வருஷம் வேலை செஞ்சா நிரந்தரக் கிளை. குஞ்சு பறந்தாலும் உங்களோடயே இருக்கலாம். மூங்கில் கொஞ்சம் கடினம், புழு கசக்கும். குடும்பமா ஒண்ணாப் பறந்து வரணும். அவ்வளவுதான்."

"நீங்க போயிருக்கீங்களா?" என்றாள் செவந்தி.

"நான் போயிட்டா உங்களுக்கு யார் யோசனை சொல்றது?"

கொண்டையப்பன் துள்ளிக் குதித்தான். பாதிக் குதியில் நின்றான். ஒண்ணாப் பறந்து வரணும்.

அவன் நேராக ஆமையாரிடம் போனான். "ஐயா, உங்களுக்கு நீந்தத் தெரியுமே. என் பொண்ணை முதுகுல ஏத்தி ஆத்தைக் கடக்க வைக்க முடியுமா?"

"தாராளமா" என்றார் ஆமையார். "வர்ற தையில கிளம்பினா, அதுக்கடுத்த தையில ஆத்தங்கரைக்குப் போயிடலாம்."

வேறு வழியில்லை. கொண்டையப்பன் கூட்டுக்கு வந்து மகளை மேல்கிளைக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"நறுமுகை, இறக்கையை விரிச்சுப் பறம்மா."

நறுமுகை உடனே இருமினாள். இறக்கை விரித்தால் இருமல் வரவேண்டும் என்றுதான் அவள் கற்றிருந்தாள்.

"பறக்கலாம்மா. பரவாயில்லை."

"நீங்கதானேப்பா பறந்தா என்னை அனுப்பிடுவாங்கன்னு சொன்னீங்க?"

கொண்டையப்பன் குனிந்தான். மகளின் இறக்கையைப் பார்த்தான். தன் இறக்கையில் பாதி அளவுதான் இருந்தது. மெலிந்து, மடிப்பு விழுந்து கிடந்தது.

"நான் தப்பு பண்ணிட்டேம்மா" என்றான். "உன்னைப் பக்கத்துலயே வெச்சிருக்கணும்னு நினைச்சேன். உன் இறக்கையை நினைக்கலை."

முதல் நாள் அவள் சேற்றில் விழுந்தாள். இரண்டாம் நாள் அணில் மேல் விழுந்தாள். "மருமகளே, சொல்லிட்டு வரக் கூடாதா?" என்று அணில் முனகியது. நாலாம் நாள் வேண்டுமென்றே அணில் மேல் விழுந்தாள், அது மெத்தென்று இருந்ததால். ஆறாம் நாள் அடுத்த மரம் வரை போனாள். செவந்தி அழுதாள். எட்டாம் நாள் ஐந்து மரம். ஒன்பதாம் நாள் மழை.

பத்தாம் நாள் மூன்று பேரும் ஆற்றின் மேல் பறந்தார்கள். செவந்தி முன்னால், நறுமுகை நடுவில், கொண்டையப்பன் பின்னால். பாதி ஆற்றில் நறுமுகையின் இறக்கை தளர்ந்தது. தண்ணீர் மேலே மேலே வந்தது.

"அப்பா, முடியலை."

"அதோ பாறை. அது வரைக்கும் மட்டும்."

பாறை வரை பறந்தாள். மூச்சு வாங்கினாள். அடுத்த பாறை வரை பறந்தாள். ஏழு பாறைகளில் இளைப்பாறி மூங்கில்மேட்டில் போய், பழம் விழுவது போலப் பொத்தென்று விழுந்தாள்.

அங்கே ஒரு முள்ளம்பன்றி தன் முதுகிலிருந்தே ஒரு முள்ளை உருவி, வருபவர்களின் பெயரை எழுதிக்கொண்டிருந்தது.

"பெயர்? தொழில்? சரி. மகள் பறப்பாளா?"

"பறப்பா" என்றான் கொண்டையப்பன். அவன் உண்மையே பேசுபவன் என்பதால், "இன்னும் சரியா இறங்கத் தெரியலை" என்றும் சேர்த்துச் சொன்னான்.

மூங்கில் கடினமாகத்தான் இருந்தது. புழு கசக்கத்தான் செய்தது. மூன்று வருஷம் எப்படிப் போகுமோ என்று கொண்டையப்பன் இன்னும் கவலைப்படுகிறான். நறுமுகைக்கு அதைக் கேட்க நேரமில்லை. காலையில் பறந்து போனால் சாயங்காலம்தான் கூட்டுக்குத் திரும்புகிறாள்.

என்றோ கிடைக்கப்போகும் ஓர் இடத்துக்காக, இன்று வளர வேண்டியவர்களை வளரவிடாமல் தடுப்பது அறியாமை.