வயலின் வாய் திறக்காத இடம்

"என் வயலினுக்கு அழத் தெரியல, மதாம். நீங்கதான் கெடுத்து வச்சிருக்கீங்க."

பாரிஸில் வந்து இறங்கிய கையோடு லிவியு சொன்ன முதல் பேச்சு இது. ருமேனியாவிலிருந்து மூன்று நாள் ரயில். கோட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை.

மதாம் ஒடில் அவரைவிட இரண்டு வயது இளையவர். ஆனால் இருபது வருடங்களுக்கு முன் லிவியுவுக்கு இசை எழுதக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். பிரெஞ்சுக்காரர்கள் பாணி தெரியுமல்லவா, அழுதாலும் கைக்குட்டையை நாலாக மடித்து வைத்துக்கொண்டுதான் அழுவார்கள். "குறைங்க, இன்னும் குறைங்க" என்பதுதான் மதாமின் ஒரே பாடம். குறைத்துக் குறைத்தே லிவியு பெரிய ஆளாகிவிட்டார்.

"உட்காருங்க" என்றார் மதாம்.

லிவியு உட்காரவில்லை.

போன குளிர்காலத்தில் அவருடைய மகள் ஸம்ஃபிரா இறந்துபோனாள். ஒன்பது வயது, ஒரே பிள்ளை, தொண்டை அடைப்பான் நோய். அவளுக்கென்று வயலினுக்கும் பியானோவுக்குமாக ஒன்று எழுதினார். வீட்டில் வாசித்துக் காட்டியபோது மனைவி டெஸ்பினா பாதியிலேயே எழுந்துவிட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. யாரோட பொண்ணுக்கு எழுதினீங்க?" என்று கேட்டாள்.

அதுதான் அவள் அவரிடம் கடைசியாகப் பேசியது. ஏழு மாதம் ஆகிறது. தட்டை வைப்பாள், எடுப்பாள், அவ்வளவுதான்.

"இப்ப மாத்தி எழுதியிருக்கேன். கேளுங்க" என்றார் லிவியு.

மதாம் பியானோவில் உட்கார்ந்தார். லிவியு வாசித்தார். வயலின் குழைந்தது, நடுங்கியது, மாரில் அடித்துக்கொண்டது. ஒரு மனிதன் தன் மனைவியிடம் மன்றாடுவது அப்பட்டமாகத் தெரிந்தது. கேட்கவே சங்கடமாக இருந்தது.

மதாம் பாதியில் கையை எடுத்துவிட்டார்.

"அடக்கம் எங்க நடந்துச்சு?"

"டெஸ்பினா பொறந்த ஊர்ல. மலையடிவாரம்."

"அன்னிக்கு யார் பாடினாங்க?"

"ஊர்ப் பொம்பளைங்க மூணு பேர். விடியறப்போ, கிழக்கே பார்த்து நின்னு பாடுவாங்க. அங்க அதுதான் வழக்கம்."

"டெஸ்பினா?"

"பெத்தவ பாடக் கூடாது. ரத்த சொந்தம் யாருமே பாடக் கூடாது. போறவ குரலை அடையாளம் கண்டுக்கிட்டுத் திரும்பிப் பார்த்துடுவா, அப்புறம் போக மாட்டா. டெஸ்பினா ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டு நின்னா."

"நீங்க?"

"பக்கத்துல நின்னேன்."

"பாடினீங்களா?"

"நான் தகப்பன், மதாம்."

மதாம் எழுந்து வந்து அவர் கையிலிருந்த வில்லை வாங்கினார். அதைப் பியானோவின் மேல் வைத்துவிட்டு, வயலின் மன்றாடிய அதே பகுதியை முதலிலிருந்து தனியாக வாசிக்கத் தொடங்கினார்.

லிவியு தோளில் வயலினோடு வெறுங்கையாக நின்றார்.

அடுத்த மாதம் புக்கரெஸ்டில் கச்சேரி. பியானோவில் உள்ளூர்க்காரர் ஒருவர். பாரிஸில் வயலின் மன்றாடிய அந்த இடம் வந்ததும் லிவியு வயலினைத் தோளில் வைத்தபடியே வில்லைக் கீழே தொங்கவிட்டார். பியானோ மட்டும் போய்க்கொண்டிருந்தது. மனுஷன் மறந்துவிட்டார் என்று முன்வரிசைக்காரர் ஒருவர் பக்கத்து ஆளின் காதைக் கடித்தார். யாரோ இருமினார்கள். கடைசிவரை வில் ஏறவே இல்லை.

மூன்றாம் வரிசையில் டெஸ்பினா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு நடந்தே போனார்கள். வாசலில் லிவியு சாவியைத் தேடும்போது அவள் வாயைத் திறந்தாள்.

"இனிமே இதை வாசிக்காதீங்க. அவ திரும்பிப் பார்த்துடுவா."